மைக்ரோ ஆர்.என்.ஏ ரத்த டெஸ்ட்டா, ஃபிட்டா, கொலோனோஸ்கோபியா? பெருங்குடல் கேன்சருக்கு எதை எடுக்கிறது

கொஞ்ச நாளா ஒரே கேள்விய ஆளுக்கு ஒரு விதமா கேட்டுட்டு இருக்காங்க. "வயசு 50 ஆகுது, டாக்டர் கொலோனோஸ்கோபி (பின்பக்கமா குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டு பாக்கிறது) ஒண்ணு பண்ணிடுங்கன்றாரு, ஆனா ரத்தத்துல மைக்ரோ ஆர்.என்.ஏ-ன்னு ஒண்ணு பாத்தே குடல் கேன்சரை கண்டுபிடிச்சிடலாமாமே, அதுக்கு நோபல் பரிசு கூட குடுத்துட்டாங்களாமே, அது வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?" இன்னொருத்தர், "அந்த பேதி மருந்து குடிக்கிற கொடுமைய நினைச்சாலே பயமா இருக்கு, ரத்தம் குடுத்தா முடிஞ்சு போச்சுன்னா எவ்ளோ காசுன்னாலும் குடுத்துடறேன்"ன்றாரு. இதுக்கு நடுவுல ஃபிட்டுன்னு, மலத்துல மறைஞ்சிருக்கிற ரத்தத்தை பாக்கிற ஒரு மலிவான டெஸ்ட்டும் இருக்கு. நான் டாக்டர் இல்ல, லேப்ல பிசிஆர் மெஷினோட (டிஎன்ஏ, ஆர்.என்.ஏ துண்டுகளை பல மடங்கு பெருக்கி அளக்கிறது) மல்லுகட்டி பொழப்ப ஓட்டுறவன், அதனால டெஸ்ட் எப்படி வேலை செய்யுது, எங்க சொதப்புதுன்ற பக்கம் இருந்து சொல்றேன், உங்க உடம்புக்கு எதுன்றத உங்க டாக்டர்கிட்டயே முடிவு பண்ணிக்கோங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச பேர் இந்த கட்டுரைய இங்கயே மூடிட்டு கிளம்பிடுங்க. மலத்துல ரத்தம் போகுதா, ரெண்டு மூணு வாரமா வெளிய போற பழக்கமே மாறிடுச்சா, டயட் எதுவும் இல்லாம எடை குறையுதா, ஆம்பளைங்களுக்கோ மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கோ இரும்புச்சத்து குறைஞ்சு ரத்தசோகைன்னு ரிப்போர்ட் வந்திருக்கா, நேரா குடல் டாக்டர்கிட்ட போங்க. கீழ இருக்கிற எல்லாமே எந்த தொந்தரவும் இல்லாதவங்களுக்கான ஸ்க்ரீனிங் பத்தினது. நம்ம ஊர்ல ரத்தம் போனாலே "மூலமா இருக்கும்"னு ஏதோ ஒரு லேகியம் வாங்கி மாசக்கணக்குல தின்னுட்டு இருக்காங்க பாருங்க, அதை நினைச்சாதான் வயிறு எரியுது. மும்பை டாட்டா மெமோரியல்ல இருந்து வந்த ஒரு ஆய்வுல இந்த கேன்சர் நோயாளிங்களோட சராசரி வயசே 47 கிட்ட இருந்துச்சு, "எனக்கென்ன வயசாச்சு"ன்ற சமாதானம் எல்லாம் இங்க எடுபடாது.

அதே மாதிரி அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க யாருக்காவது 60 வயசுக்குள்ள குடல் கேன்சர் வந்திருந்தாலோ, உங்களுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல்ல புண்ணாகுற அழற்சி நோய்) பல வருஷமா இருந்தாலோ, குடும்பத்துல லிஞ்ச் சின்ட்ரோம்னு (பரம்பரையா குடல் கேன்சர் வர வைக்கிற ஜீன் கோளாறு) சொல்லியிருந்தாலோ உங்களுக்கு ஆப்ஷனே கிடையாது, கொலோனோஸ்கோபிதான். குடும்பத்துல ஒருத்தருக்கு வந்திருந்தா பொதுவா 40 வயசுல, இல்லன்னா அவங்களுக்கு வந்த வயசுக்கு 10 வருஷம் முன்னாடி, இதுல எது முதல்ல வருதோ அப்போ ஆரம்பிக்கணும்பாங்க.

மத்தவங்க வாங்க.

எதை வெச்சு ஒப்பிடுறது

விளம்பரத்துல எல்லாம் ஒரே நம்பர்தான் போடுவாங்க, "92 சதவீதம் பிடிக்கும்"னு. அது ஒண்ணை மட்டும் பாத்து முடிவெடுத்தா ஏமாந்துடுவீங்க. நான் பாக்கிறது இது:

கேன்சர் இருக்கிற 100 பேர்ல எத்தனை பேரை பிடிக்குது, இதுக்கு பேரு சென்சிட்டிவிட்டி. கேன்சர் இல்லாத 100 பேர்ல எத்தனை பேரை சும்மா பயமுறுத்தாம விடுது, இது ஸ்பெசிஃபிசிட்டி. ஊருக்கே டெஸ்ட் எடுக்கும்போது இந்த ரெண்டாவதுதான் குடும்பத்தையும் பர்ஸையும் பதம் பாக்கும், ஆனா யாரும் கேக்கறதில்ல.

மூணாவது, பாலிப்பை (குடல் உள்சுவர்ல மொட்டு மாதிரி வளர்ற சதை) பிடிக்குதா. பெருங்குடல் கேன்சர்ல நமக்கு இருக்கிற பெரிய அதிர்ஷ்டமே இதுதான், பெரும்பாலும் சின்ன பாலிப்பா ஆரம்பிச்சு கேன்சரா மாற 10 வருஷம் கிட்ட எடுத்துக்குது, நடுவுல வெட்டி எடுத்துட்டா கேன்சரே வராது. கேன்சர் வந்தப்புறம் மட்டும் மணி அடிக்கிற டெஸ்ட்டும் வர்றதுக்கு முன்னாடியே பாலிப்பை காட்டுற டெஸ்ட்டும் ஒண்ணு இல்ல.

நாலாவது, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்கணும், பாசிட்டிவ் வந்தா அடுத்த செலவு என்ன. அஞ்சாவது, ஒரே ஆள் ரெண்டு லேப்ல குடுத்தா ஒரே ரிசல்ட் வருமா. மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்கு இந்த அஞ்சாவதுதான் கண்டம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ: விஷயம் உண்மை, டெஸ்ட்தான் இன்னும் தயாராகல

மைக்ரோ ஆர்.என்.ஏ-ன்னா சுமார் 22 எழுத்து நீளம் உள்ள குட்டி ஆர்.என்.ஏ துண்டு, எந்த ஜீன்ல இருந்து எவ்ளோ புரோட்டீன் வரணும்னு செல்லுக்குள்ள பிரேக் போடுற வேலை அதுக்கு. 1993ல விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவுல இதை கண்டுபிடிச்சாங்க, 2024ல நோபல் கிடைச்சது. கேட்ட கேள்விக்கு வரேன், அந்த நோபல் அடிப்படை கண்டுபிடிப்புக்கு குடுத்தது, கேன்சர் டெஸ்ட்டுக்கு குடுத்தது இல்ல. இதை தெளிவா சொல்லிடறேன், ஏன்னா "நோபல் பரிசு பெற்ற தொழில்நுட்பம்"னு போட்டு பேக்கேஜ் விக்க ரொம்ப நாள் ஆகாது.

குடல் கேன்சருக்கும் இதுக்கும் உள்ள தொடர்பு கட்டுக்கதை இல்ல. மிர்-143, மிர்-145 (மிர்னா மைக்ரோ ஆர்.என்.ஏ-வோட சுருக்கம்) ரெண்டும் குடல் கட்டியில குறையுதுன்னு 2003லயே ஆஸ்திரேலியாக்காரங்க காட்டிட்டாங்க. மிர்-21 ஏறுது, அது செல் வளர்ச்சிய அடக்கி வைக்கிற ஜீன்களை அமுக்கிடுது. மிர்-92ஏ இருக்கிறது 13வது குரோமோசோம்ல, குடல் கேன்சர்ல அந்த பகுதியே நிறைய தடவ கூடுதல் காப்பி ஆகியிருக்கும், அதனால அதுவும் ஏறுது. இதுக்கெல்லாம் மேல, 2008ல ரெண்டு குழுக்கள், இந்த துண்டுங்க செல்லுக்கு வெளிய ரத்தத்துல கூட உடையாம நிக்குதுன்னு காட்டினாங்க. சாதாரண ஆர்.என்.ஏ ரத்தத்துல விழுந்தா நொடியில காலி, ஆனா இது புரோட்டீனோட ஒட்டிக்கிட்டோ குட்டி கொழுப்பு பைக்குள்ள உக்காந்துக்கிட்டோ தப்பிச்சுக்குது. அங்க ஆரம்பிச்சதுதான் இந்த ஆராய்ச்சி வெள்ளம்.

2009ல ஹாங்காங்ல ஒரு குழு ரத்த பிளாஸ்மாவுல மிர்-92ஏ பாத்தாங்க, கேன்சர் உள்ளவங்கள்ல 89 சதவீதத்தை பிடிச்சுது, இல்லாதவங்கள்ல 70 சதவீதத்தை சரியா விட்டுச்சு. 2013ல வந்த இன்னொரு ஆய்வுல சீரம்ல மிர்-21 மட்டும் வெச்சே 92 சதவீதம் கிட்ட பிடிச்சது, 81 சதவீதம் சரியா விட்டுச்சு. கேக்க ஜோரா இருக்குல்ல? இப்போ ஒரு கணக்கு போடுவோம்.

எந்த தொந்தரவும் இல்லாத, 50 தாண்டுன 10,000 பேர், அதுல 50 பேருக்கு அவங்களுக்கே தெரியாம கேன்சர் இருக்குன்னு வெச்சுக்கோங்க. அந்த 89க்கு 70 டெஸ்ட்ட இவங்களுக்கு எடுத்தா 50ல 44, 45 பேரை பிடிக்கும், நல்லது. ஆனா மிச்சம் 9,950 பேர்ல 30 சதவீதம், அதாவது 2,985 பேருக்கு கேன்சர் இல்லாமலே பாசிட்டிவ் வரும். அவ்ளோ பேரும் ராத்திரி தூக்கம் கெட்டு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு, கடைசியில கொலோனோஸ்கோபிக்கு வரிசையில நிக்கணும். சில நூறு ரூபா ஃபிட் டெஸ்ட்ட இதே கூட்டத்துக்கு எடுத்தா (பல ஆய்வுகளை சேத்து பாத்தப்போ 79க்கு 94) 40 பேரை பிடிக்கும், 597 பேரை மட்டும் சும்மா அலைய விடும். அஞ்சு பேரை அதிகமா பிடிக்கிறதுக்கு கிட்டத்தட்ட 2,400 பேரை கூடுதலா கொலோனோஸ்கோபிக்கு தள்ளணும், அதுலயும் ஃபிட்ல விட்டுப்போன 10 பேர்ல சில பேரு அடுத்த வருஷ ஃபிட்லயே மாட்டிப்பாங்க.

அந்த 89ம் 92ம் கூட நிஜ ஸ்க்ரீனிங் கூட்டத்துல எடுத்தது இல்லன்றதை மறந்துடாதீங்க. ஆஸ்பத்திரியில ஏற்கனவே கேன்சர்னு தெரிஞ்சவங்க ஒரு பக்கம், ஆரோக்கியமானவங்க ஒரு பக்கம்னு நிக்க வெச்சு எடுத்தது. முத்தின கட்டி உள்ளவங்களும் அதுல இருப்பாங்க, அவங்களை பிடிக்கிறது சுலபம். இந்த மாதிரி அழகா வர்ற நம்பரு நிஜ கூட்டத்துல இறங்கினா குறையும், இது எல்லா பயோமார்க்கருக்கும் நடக்கிற கதைதான்.

இப்போ லேப் பக்கம் வாங்க, எனக்கு பேச நிறைய இருக்கிற இடம். ரத்தம் எடுத்த டியூப்ப சென்ட்ரிஃபியூஜ்ல சுத்துனா கீழ சிவப்பணு இறங்கி மேல வைக்கோல் கலர்ல பிளாஸ்மா தெளியணும். அது லேசா ரோஸ் கலர்ல வந்துச்சுன்னா சிவப்பணு கொஞ்சம் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். ஊசி சன்னமா இருந்தது, சிரிஞ்ச்ச வேகமா இழுத்தாங்க, டியூப்ப போட்டு குலுக்கினாங்க, ரெண்டு மணி நேரம் மேஜை மேலயே கிடந்துச்சு, எதுனாலும் ஆகும். சர்க்கரை டெஸ்ட்டுக்கு இது பெரிய விஷயமே இல்ல. ஆனா சிவப்பணுக்குள்ளயே மிர்-451, மிர்-16, மிர்-92ஏ எல்லாம் கொட்டிக் கிடக்கு. கட்டியில இருந்து வர்ற துளியூண்டு மிர்-92ஏ-வை அதுல தேடுறது, கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்துல உள்ளவரு காதுல சொல்றதை கேக்கற கதைதான். கேன்சர் மார்க்கர்னு பேப்பர்ல வந்த ரத்த மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள்ல பாதிக்கு மேல ரத்த செல்லுங்கள்லயே அதிகமா இருக்கிறதுன்னு 2012ல ஒரு ஆய்வு போட்டு உடைச்சது, ரத்தம் உடைஞ்சாலே அளவு 50 மடங்கு வரைக்கும் மாறலாம்னும் காட்டுச்சு.

கண்ணுக்கு தெரியாத உடைசலும் உண்டு, அதுக்கு நல்ல லேபுங்க 414 நானோமீட்டர்ல ஒளி எவ்ளோ உறிஞ்சுதுன்னு பாப்பாங்க, இல்லன்னா மிர்-451ஏ-வுக்கும் மிர்-23ஏ-வுக்கும் உள்ள வித்தியாசத்தை கணக்கு போட்டு 7 சைக்கிளை (பிசிஆர் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்குற சுத்து) தாண்டினா சாம்பிள தூக்கி போட்டுடுவாங்க. ஹெப்பரின் டியூப்ல எடுத்தா பிசிஆரே சரியா ஓடாது, இடிடிஏ டியூப்தான் வேணும். அப்புறம் பிசிஆர்ல ஒரு சைக்கிள் வித்தியாசம்னா அளவு ரெண்டு மடங்கு வித்தியாசம், அதனால எதோட ஒப்பிட்டு அளக்குறோம்ன்றது முக்கியம், நிறைய பேரு மிர்-16ஐ அளவுகோலா வெச்சாங்க, அதுவே சிவப்பணுவுல இருந்து வர்ற சரக்கு! அளவுகோலே நீண்டு சுருங்குச்சுன்னா எதை அளக்கிறது. காலைல ஒரு சின்ன ஊரு கலெக்ஷன் சென்டர்ல எடுத்த டியூபு பஸ் ஏறி சாயங்காலம் சென்னை லேபுக்கு வந்து சேர்ற நம்ம ஏற்பாட்டுல இது என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இது போதாதுன்னு மிர்-21 குடல் கேன்சர்ல மட்டும் ஏறுறது இல்ல, நுரையீரல், மார்பகம், கணையம்னு பல கேன்சர்லயும் ஏறும், உடம்புல அழற்சி இருந்தாலும் ஏறும். ஏறியிருக்குன்னு தெரிஞ்சாலும் எங்க தேடுறது?

அப்போ மைக்ரோ ஆர்.என்.ஏ டெஸ்ட்டே உருப்படாதான்னா, இல்ல. சிங்கப்பூர்ல மிர்எக்ஸஸ் கம்பெனியோட கேஸ்ட்ரோகிளியர்னு ஒரு டெஸ்ட்டுக்கு 2019ல அனுமதி கிடைச்சது, ரத்தத்துல 12 மைக்ரோ ஆர்.என்.ஏ பாக்குது. ஆனா அது இரைப்பை கேன்சருக்கு. 5,000 பேருக்கு மேல பாத்த ஆய்வுல 87 சதவீதம் பிடிச்சது, 68 சதவீதம் சரியா விட்டுச்சு. ஸ்பெசிஃபிசிட்டி 68தான், இருந்தும் அங்க அதுக்கு ஒரு இடம் இருக்கு, ஏன்னா இரைப்பைக்கு வீட்லயே எடுக்கிற மலிவான டெஸ்ட் வேற இல்ல, எண்டோஸ்கோபி வேணுமா வேணாமான்னு ஆளை பிரிச்சு விட இது உதவும். குடலுக்கு அப்படி இல்ல, ஃபிட்டுன்னு ஒண்ணு சல்லிசா உக்காந்திருக்கு. எல்லாரும் மைக்ரோ ஆர்.என்.ஏ கொலோனோஸ்கோபிய ஜெயிக்குமான்னு கேக்கறாங்க, அது ஜெயிக்க வேண்டியது ஃபிட்ட. அதுதான் இன்னும் நடக்கல.

மலத்துல பாக்கிற வழியும் இருக்கு, எனக்கு அது மேல கொஞ்சம் நம்பிக்கை அதிகம், கட்டியில இருந்து உதிர்ற செல்லு நேரா அங்கதான விழுது, ரத்தம் மாதிரி உடம்பு பூரா சுத்தி வரல. 2012ல ஹாங்காங்ல மலத்துல மிர்-92ஏ பாத்து கேன்சர்ல 72 சதவீதம், பாலிப்புல 56 சதவீதம் பிடிச்சாங்க, சரியா விட்டது 73 சதவீதம். சீனாவுல மல மிர்-92ஏ கிட் ஒண்ணுக்கு 2018ல அனுமதியும் குடுத்துட்டாங்க. பாலிப் நம்பர் ஃபிட்ட விட நல்லா இருக்கு பாருங்க, ஆனா ஸ்பெசிஃபிசிட்டி மறுபடியும் கால வாருது.

ஃபிட்: அழகில்லாத டெஸ்ட்டு, ஆனா வேலைய முடிக்குது

மலத்துல கண்ணுக்கு தெரியாத மனுஷ ஹீமோகுளோபினை ஆன்டிபாடி வெச்சு பிடிக்கிறது. பத்தியம் கிடையாது, மட்டன் சாப்ட்டாலும் பரவால்ல. கிட்ல நுனியில வரி வரியா பள்ளம் வெட்டுன ஒரு குச்சி இருக்கும், மலத்துல நாலஞ்சு இடத்துல மேலாக குத்தி அந்த பள்ளம் நிறைஞ்சா போதும், அள்ளிப் போட வேணாம், திருப்பி டியூபுக்குள்ள சொருகினா ஓரத்துல இருக்கிற ரப்பர் மிச்சத்தை வழிச்சு விட்டுடும். தண்ணிக்குள்ள விழாம கமோட் மேல ஒரு பேப்பர விரிச்சுக்கோங்க. அருவருப்புதான், ரெண்டு நிமிஷ அருவருப்பு.

மறைஞ்சிருக்கிற தொல்லை ரெண்டு. ஒண்ணு, நம்ம லேபுங்கள்ல "ஸ்டூல் ஆக்கல்ட் பிளட்"னு கேட்டா பழைய குவாயக் முறையில பாத்து குடுத்துடுவாங்க சில இடத்துல, அது கறி சாப்ட்டா தப்பா பாசிட்டிவ் காட்டும், விட்டமின் சி மாத்திரை போட்டா தப்பா நெகட்டிவ் காட்டும். "இம்யூனோகெமிக்கல் முறையா"ன்னு வாயத் திறந்து கேளுங்க. ரெண்டு, வெயில். சூடு பட்டா ஹீமோகுளோபின் சிதையும், இத்தாலியில ஃப்ளாரன்ஸ்ல பாத்தப்பவே குளிர்காலத்தை விட கோடையில பாசிட்டிவ் வர்ற வாய்ப்பு 17 சதவீதம் குறைஞ்சிருந்தது, அங்கயே அப்படின்னா நம்ம மே மாசத்தை சொல்லவே வேணாம். எடுத்த அன்னிக்கே லேப்ல குடுங்க, முடியலன்னா டப்பாக்குள்ள போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க, வீட்ல திட்டுனா திட்டட்டும்.

பெரிய பாலிப்புல கால்வாசியத்தான் பிடிக்கும், அதான் இதோட பலவீனம், அதனாலதான் வருஷா வருஷம், இல்ல 2 வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்க சொல்றாங்க. ஒரு தடவ நெகட்டிவ் வந்துச்சுன்னு அஞ்சு வருஷம் மறந்துட்டா இந்த டெஸ்ட்டு எடுத்ததுக்கு அர்த்தமே இல்ல. பாசிட்டிவ் வந்தா "மூலம் இருக்கு, அதனாலதான்"னு நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க, இன்னொரு தடவ ஃபிட் எடுத்து நெகட்டிவ் வருதான்னும் பாக்காதீங்க, நேரா கொலோனோஸ்கோபி.

கொலோனோஸ்கோபி: பாக்கவும் செய்யும், வெட்டவும் செய்யும்

கேன்சர்ல சுமார் 95 சதவீதம் பிடிக்கும், பாலிப் இருந்தா அதே உக்காரல்ல எடுத்துடுவாங்க, சுத்தமா இருந்தா 10 வருஷத்துக்கு நிம்மதி. மத்த எல்லா டெஸ்ட்டுலயும் பாசிட்டிவ் வந்தா கடைசியில வந்து நிக்கிறதும் இங்கதான்.

கஷ்டம் முன்னாடி நாள்தான். கீரை, விதை உள்ள காய் பழம் எல்லாம் நிறுத்தணும், ஒரு பவுடரை லிட்டர் கணக்குல தண்ணியில கலந்து ராத்திரி பாதி, விடிகாலை பாதின்னு குடிக்கணும், கடைசியில தெளிஞ்ச மஞ்சள் தண்ணியா போற வரைக்கும் பாத்ரூமை விட்டு வெளிய வர முடியாது. இதை ஒழுங்கா பண்ணலன்னா பாலிப் மறைஞ்சு போகும், குடுத்த காசு வீண். இரும்புச்சத்து மாத்திரை சில நாள் முன்னாடியே நிறுத்தணும், சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாம இருக்க போடுற மாத்திரையும் என்ன பண்றதுன்னு முன்கூட்டியே கேளுங்க. மயக்கம் குடுப்பாங்க, அன்னிக்கு வண்டி ஓட்டக்கூடாது, கூட ஒருத்தர் வரணும், அவருக்கும் ஒரு நாள் லீவு. குடல்ல ஓட்டை விழுறது சில ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு நடக்கும், அபூர்வம்தான், பூஜ்யம் இல்ல. ஸ்க்ரீனிங்குக்குன்னு பண்ணா பல இன்சூரன்ஸ்ல காசு வராது, அதையும் முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. 2022ல வந்த நார்டிக் ஆய்வுல கொலோனோஸ்கோபிக்கு கூப்பிட்டவங்கள்ல 42 சதவீதம் பேருதான் வந்தாங்க, மொத்தமா பாத்தா 10 வருஷத்துல கேன்சர் 18 சதவீதம்தான் குறைஞ்சது. ஸ்பெயின்ல 57,000 பேருக்கு மேல வெச்சு ஒரு தடவ கொலோனோஸ்கோபியா, 2 வருஷத்துக்கு ஒரு தடவ ஃபிட்டான்னு நேருக்கு நேர் மோத விட்டாங்க, 2025ல முடிவு வந்துச்சு, 10 வருஷத்துல இந்த கேன்சரால இறந்தவங்க கொலோனோஸ்கோபி பக்கம் 0.22 சதவீதம், ஃபிட் பக்கம் 0.24. ஃபிட்டுக்கு அதிகம் பேர் வந்தாங்க, அவ்ளோதான் ரகசியம். எடுக்காத நல்ல டெஸ்ட்ட விட எடுத்த சுமார் டெஸ்ட் மேல்.

மலத்துல டிஎன்ஏ, ஆர்.என்.ஏ

அமெரிக்காவுல கோலோகார்ட் 2014ல இருந்து இருக்கு. சுமார் 10,000 பேர்ல பாத்தப்போ கேன்சர்ல 92 சதவீதம், பெரிய பாலிப்புல 42 சதவீதம், அதே ஆளுங்களுக்கு எடுத்த ஃபிட்டுல 74ம் 24ம்தான். ஆனா சரியா விட்டது 87, ஃபிட் 95. 2024ல அனுமதி வாங்குன புது வெர்ஷன்ல அது 91 ஆச்சு. அதே 2024ல கோலோசென்ஸுக்கும் அனுமதி, இது மலத்துல ஆர்.என்.ஏ-தான் பாக்குது, மைக்ரோ இல்ல, பெரிய தூதுவர் ஆர்.என்.ஏ, கூட ஃபிட்டையும் சேத்துக்குது. அமெரிக்காவுல இருக்கிறவங்க, இன்சூரன்ஸ்ல வர்றவங்க, 3 வருஷத்துக்கு ஒரு தடவன்னா வசதியா இருக்குன்றவங்க எடுத்துக்கலாம்.

ரத்தத்துல டிஎன்ஏ

"ரத்த டெஸ்ட் வந்துடுச்சு"ன்னு நியூஸ்ல பாத்தது அனேகமா இதுதான், ஷீல்ட், 2024 ஜூலையில அமெரிக்க அனுமதி. இது மைக்ரோ ஆர்.என்.ஏ இல்ல, கட்டியில இருந்து உதிர்ற டிஎன்ஏ. கேன்சர்ல 83 சதவீதம், சரியா விடுறது 90 சதவீதம். பெரிய பாலிப்புல 13 சதவீதம். இந்த 13ஐ கொஞ்சம் உத்துப் பாருங்க, ஒண்ணுமே இல்லாதவங்களுக்கே 10 சதவீதம் பாசிட்டிவ் காட்டுற டெஸ்ட்டு பாலிப் உள்ளவங்கள்ல 13 சதவீதம் காட்டுதுன்னா அதை பிடிக்குதுன்னு சொல்லவே மனசு வரல. விலையும் ஆயிரம் டாலருக்கு மேல. வேற எதையுமே எடுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு இது ஒண்ணுமில்லாததுக்கு பரவால்ல.

அமெரிக்க மெடிகேர் (முதியோருக்கான அரசு காப்பீடு) ரத்த டெஸ்ட்டுக்கு ஒரு கோடு போட்டு வெச்சிருக்கு, குறைஞ்சது 74 சதவீதம் பிடிக்கணும், 90 சதவீதம் சரியா விடணும்னு. மைக்ரோ ஆர்.என்.ஏ பேப்பர் எதைப் படிச்சாலும் நான் முதல்ல அந்த 90ஐத்தான் தேடுவேன்.

அப்புறம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ்ல "கேன்சர் மார்க்கர்"னு சிஇஏ (ரத்தத்துல அளக்கிற ஒரு புரோட்டீன்) சேத்து விக்கிறாங்களே, அது ஸ்க்ரீனிங்குக்கு இல்லவே இல்ல. ஆரம்ப கட்ட கேன்சர்ல பெரும்பாலும் நார்மலா இருக்கும், பீடி சிகரெட் குடிக்கிறவங்களுக்கு சும்மாவே ஏறும். ஆபரேஷன் ஆனவங்களுக்கு திரும்ப வருதான்னு பாக்கத்தான் அது.

ஒரே பார்வையில

| டெஸ்ட் | கேன்சரை பிடிக்கிறது | இல்லாதவங்களை சரியா விடுறது | பெரிய பாலிப் | எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவ |
|---|---|---|---|---|
| ஃபிட் | சுமார் 79% | சுமார் 94% | கால்வாசி | 1 (சில நாட்ல 2) |
| கோலோகார்ட், பழசு / புதுசு | 92% / 94% | 87% / 91% | 42% / 43% | 3 |
| ஷீல்ட், ரத்த டிஎன்ஏ | 83% | 90% | 13% | 3 |
| மிர்-92ஏ, ரத்தம், 2009 | 89% | 70% | கணக்குல எடுக்க முடியாது | முறையே வகுக்கல |
| மிர்-92ஏ, மலம், 2012 | 72% | 73% | 56% (எல்லா பாலிப்பும்) | முறையே வகுக்கல |
| கொலோனோஸ்கோபி | சுமார் 95% | நேர்ல பாத்து உறுதி பண்றது | பெரும்பாலும் பிடிச்சு எடுத்துடும் | 10 |

மிர் வரிசை ரெண்டும் நோயாளி ஒரு பக்கம், ஆரோக்கியமானவங்க ஒரு பக்கம்னு எடுத்த சின்ன ஆய்வுங்க, கோலோகார்டும் ஷீல்டும் ஆயிரக்கணக்குல நிஜ ஸ்க்ரீனிங் கூட்டம். ஒரே டேபிள்ல போட்டுட்டேன்றதுக்காக சரிசமமா எடுத்துக்காதீங்க.

யாருக்கு எது

தமிழ்நாட்ல, 45ல இருந்து 75க்குள்ள, தொந்தரவு ஒண்ணும் இல்ல, குடும்பத்துல யாருக்கும் இல்லன்னா என் ஓட்டு வருஷா வருஷம் ஃபிட்டுக்கு. இந்தியாவுல வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு அரசாங்க ஸ்க்ரீனிங் இருக்கு, குடலுக்கு இல்ல, அதனால உங்களுக்கு யாரும் லெட்டர் போட மாட்டாங்க, பொறந்த நாளோட சேத்து போன்ல ரிமைண்டர் போட்டுக்கோங்க. வருஷா வருஷம் ஞாபகம் வெச்சு எடுக்கிற ஆள் நான் இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சா, பேசாம ஒரு தடவ பல்லைக் கடிச்சுட்டு கொலோனோஸ்கோபி பண்ணிடுங்க, 10 வருஷத்துக்கு தொல்லை இல்ல.

சிங்கப்பூர்ல 50 தாண்டுன குடிமக்களுக்கும் பிஆர்-களுக்கும் (நிரந்தரவாசிகள்) ஃபிட் கிட் இலவசமாவே கிடைக்குது, லண்டன்ல இருக்கிறவங்களுக்கு 50ல இருந்து 74 வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவ தபால்லயே வீடு தேடி வருது. அதை டிராயர்ல போட்டு வெச்சுட்டு மைக்ரோ ஆர்.என்.ஏ வரட்டும்னு உக்காந்திருந்தா என்ன சொல்றது.

மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கு நான் எதிர்பாக்கிற இடம் வேற. ஃபிட் பாசிட்டிவ் வந்த கூட்டத்துல யாரை முதல்ல கொலோனோஸ்கோபிக்கு அனுப்பணும்னு பிரிக்கிறது, இல்ல ஃபிட்டோட சேத்து பாத்து விட்டுப்போற பாலிப்பை பிடிக்கிறது, ஆபரேஷன் முடிஞ்சவங்களை தொடர்ந்து கவனிக்கிறது. இதெல்லாம் ஆராய்ச்சியா ஓடுது, உங்க ஆஸ்பத்திரியில ஏதாவது ஆய்வுக்கு ரத்தம் கேட்டா தாராளமா குடுங்க, அதுக்கு காசு கேட்டா மட்டும் உஷாராகுங்க.

இதையும் மீறி யாராவது மைக்ரோ ஆர்.என்.ஏ குடல் கேன்சர் டெஸ்ட்டுன்னு விக்க வந்தா, எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ, எத்தனை பாக்குறீங்கன்னு கேளுங்க. எந்த நாட்டு அரசு, எந்த கேன்சருக்கு அனுமதி குடுத்திருக்குன்னு கேளுங்க, இரைப்பைக்கு வாங்குன அனுமதிய காட்டி குடலுக்கு விக்க முடியாது. ரத்தம் எடுத்து எவ்ளோ நேரத்துல பிளாஸ்மா பிரிப்பீங்க, சிவப்பணு உடைஞ்ச சாம்பிள என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க, இதுக்கு முழிச்சாங்கன்னா எழுந்து வந்துடுங்க. கடைசியா, பாசிட்டிவ் வந்தா அடுத்து என்ன பண்ணணும்னு கேளுங்க. கொலோனோஸ்கோபின்னுதான் சொல்லுவாங்க. நெகட்டிவ் வந்தா எத்தனை வருஷத்துக்கு நிம்மதியா இருக்கலாம்னு அடுத்த கேள்விய போடுங்க, அதுக்கு எழுத்துல பதில் குடுத்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.